இடிச்ச வீட்டுக் கம்பி எங்கே போகுது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சுற்றுச்சூழலைப் பற்றி நீ பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. மரம் நடுறது, மஞ்சப்பை, மண்புழு உரம் எல்லாம் இந்த மேடையிலேயே பேசி முடிச்சாச்சு. நான் இரும்பைப் பற்றிப் பேசறேன்க்கான்னு சொன்னேன். "எந்த இரும்பும்மா?"ன்னு கேட்டாங்க. வீடு இடிச்சா வருதே, அந்தப் பழைய கம்பி. அதைப் பற்றித்தான்னு சொன்னேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க வீட்டுக்காரர் கம்பி கட்டுற வேலைக்கு மெட்ராஸ் போய் வர்றவர். அவர்கிட்ட கேட்டது கொஞ்சம், நானே பார்த்தது கொஞ்சம், கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் படிச்சு நோட்டில் எழுதிக்கிட்டது கொஞ்சம். இதுதான் என் பேச்சு.

இப்போ நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடம் இடியுது. விக்கிரவாண்டியில் இருந்து தஞ்சாவூர் போற ரோட்டை அகலம் பண்ணினப்போ ரோட்டோரத்தில் எத்தனை கடை, எத்தனை வீடு போச்சுன்னு அந்தப் பக்கம் பஸ்ஸில் போறவங்களுக்குத் தெரியும். விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி வழியா நாகப்பட்டினம் போற நாலு வழிச் சாலைக்கும் அப்படித்தான். அப்புறம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழை. முழங்கால் உயரத் தண்ணி வானத்தில் இருந்து அப்படியே இறங்கின மாதிரி. ஏற்கெனவே ஒழுகிக்கிட்டிருந்த பழைய தொகுப்பு வீடுங்க எல்லாம் அந்த மழையில் ஊறிப்போச்சு. அடுத்ததா அரசாங்கம் 2025-26 பட்ஜெட்டில் ஒரு திட்டம் சொல்லியிருக்கு. 2001-க்கு முன்னாடி அரசுத் திட்டத்தில் கட்டி, இனிமேல் பழுது பார்க்கவே முடியாதுங்கற வீடுகளில் 25,000 வீட்டை 600 கோடி ரூபாயில் திரும்பக் கட்டுறதுக்கு. திரும்பக் கட்டணும்னா முதல்ல இடிக்கணும் இல்லையா? அந்த இடிபாட்டில் இருக்கிற கம்பி எங்கே போகுதுங்கறதுதான் என் கேள்வி.

எங்க அம்மா வீட்டு கணக்கையே சொல்றேன். அது தொகுப்பு வீடு. ஒரு ரூம், முன்னாடி சின்ன தாழ்வாரம், மேலே கான்கிரீட் தளம், எல்லாம் சேர்த்து 200 சதுர அடி இருக்கும். புயலுக்கு அப்புறம் தளத்தில் பாளம் பாளமா காரை விழுந்து, கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரிஞ்சுச்சு. இடிச்சிடலாம்னு முடிவு பண்ணினோம். பழைய இரும்பு வாங்குற ஒருத்தர் வண்டியோட வந்தார். "கம்பி, ஜன்னல் எல்லாம் மொத்தமா எடுத்துக்கறேன்ம்மா, கம்பி ஒரு 50 கிலோ தேறும்"னு கண்ணாலேயே எடை போட்டார். எங்க அம்மாவும் சரி சரின்னு தலையாட்டிட்டாங்க. நான்தான் இருங்கண்ணா, அளந்துட்டுச் சொல்றேன்னேன்.

கம்பியை எடை போடத் தராசே வேணாம், டேப் இருந்தா போதும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கார். கம்பியோட கனத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கணும். அதை அதாலேயே பெருக்கி 162-ஆல வகுக்கணும். ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோன்னு வந்துடும். 8 எம்.எம். கம்பின்னா எட்டெட்டு 64. அதை 162-ஆல வகுத்தா 0.395. அதாவது ஒரு மீட்டருக்கு 395 கிராம். நமக்கு அடிக்கணக்குதான் வசதின்னா இப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க: 8 எம்.எம். அடிக்கு 120 கிராம், 10 எம்.எம். அடிக்கு 188 கிராம், 12 எம்.எம். அடிக்கு 271 கிராம். உலகம் முழுக்க இரும்போட கனம் ஒண்ணுதான், அதனால இந்தக் கணக்கு எந்தக் கடையிலும் மாறாது.

எங்க அம்மா வீட்டுக் கம்பி முழுக்க 8 எம்.எம். நானும் என் தம்பி பொண்டாட்டியும் ஒவ்வொண்ணா அளந்தோம். 700 அடி வந்துச்சு. 700-ஐ 120 கிராமால பெருக்கினா 84 கிலோ. துரு தின்னது கொஞ்சம் இருக்கும்னு தெரியும். அப்புறம் ரைஸ் மில் தராசில் வெச்சுப் பார்த்தப்போ 78 கிலோ. 50 எங்கே, 78 எங்கே? வந்தவர் ஒண்ணும் கெட்டவர் இல்லை, அவர் தொழில் அது. நம்ம சொத்தோட எடை நமக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் நான் சொல்றது. புதுக் கம்பி வாங்கும்போதும் இதே கணக்கு உதவும். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்.எம். கம்பி ஒண்ணு 4 கிலோ 740 கிராம் இருக்கணும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ரொம்பக் குறைஞ்சா கேள்வி கேளுங்க.

சரி, இது காசுக் கணக்கு. சுற்றுச்சூழல் எங்கே வந்துச்சுன்னு கேட்பீங்க. அங்கேதான் வர்றேன்.

இரும்பு பூமியில் கம்பியா கிடைக்கறது இல்லை. சிவப்புக் கல்லா கிடைக்குது. அந்தக் கல்லில் இரும்பும் ஆக்சிஜனும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. இரண்டையும் பிரிக்கணும்னா பெரிய உலையில் கல்லையும் நிலக்கரியில் இருந்து செஞ்ச கோக் கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் போட்டு எரிக்கணும். கரி ஆக்சிஜனை இழுத்துக்கிட்டுப் புகையாப் போயிடும், இரும்பு கீழே இறங்கும். அந்தப் புகைதான் பூமியைச் சூடாக்குற கார்பன் டை ஆக்சைடு. பழைய கம்பியில் இந்த வேலையே கிடையாது. அது ஏற்கெனவே பிரிஞ்சு வந்த இரும்பு. உருக்கி ஊத்தினா போதும். இட்லி சுடணும்னு நினைச்சா, ஒருத்தி நெல்லைக் குத்துறதில் இருந்து ஆரம்பிக்கிறாள், இன்னொருத்தி ஃபிரிட்ஜில் இருக்கிற மாவை எடுத்து ஊத்துறாள். அவ்வளவு வித்தியாசம்.

எஃகு அமைச்சகம் 2019-ல பழைய இரும்பு மறுசுழற்சிக்குன்னு ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. அதில் இருக்கிற கணக்கு: ஒரு டன் பழைய இரும்பை உருக்கினா 1.1 டன் இரும்புக் கல், 630 கிலோ கோக் நிலக்கரி, 55 கிலோ சுண்ணாம்புக் கல் மிச்சம். எரிசக்தி 16, 17 சதவீதம் குறையும். தண்ணி 40 சதவீதம் குறையும். பூமியைச் சூடாக்குற புகை 58 சதவீதம் குறையும். டன் கணக்கு சொன்னா நம்ம மனசுல நிக்காது. அதனால எங்க அம்மா வீட்டு 78 கிலோவுக்கு நானே வகுத்துப் பார்த்தேன். 86 கிலோ இரும்புக் கல், 49 கிலோ நிலக்கரி, 4 கிலோ சுண்ணாம்புக் கல். ஒரு ரூம் தொகுப்பு வீடு ஒண்ணு இவ்வளவு மிச்சப்படுத்துது. 25,000 வீட்டிலேயும் இதே மாதிரி இருந்தா 1,950 டன் கம்பி. மனக்கணக்குதான், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆனாலும் சும்மா விடுற அளவு இல்லை பாருங்க.

இந்தக் கல் எங்கே இருந்து வருது? ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம். அங்கெல்லாம் மலையைத்தான் வெட்டுறாங்க. நமக்கு அது தூரம்னு நினைக்கவேணாம். நமக்கு மேற்கே திருவண்ணாமலை பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன் மலை இருக்கு. அந்த மலையிலும் இரும்புக் கல் இருக்கு. அதை வெட்டி எடுக்கத் திட்டம் வந்தப்போ சுற்றுப்பட்டு ஊர்க்காரங்க, விவசாயிங்க எல்லாம் எதிர்த்து நின்னாங்க. ஏன்? மலைக் காடு போனா ஓடைத் தண்ணி போச்சு, ஓடை போனா ஏரி போச்சு, கிணறு போச்சு. மலையை வெட்டக் கூடாதுன்னு சொல்றதும் சரி, வீட்டுக்குக் கம்பி வேணும்னு சொல்றதும் சரி. இரண்டும் சரியா இருக்கணும்னா ஏற்கெனவே வெட்டி எடுத்த இரும்பை நாம விடாமல் பிடிச்சு வெச்சுக்கணும். கோக் கரிக்கான நிலக்கரி கதையும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு நம்ம நாட்டில் இல்லை, ஆஸ்திரேலியா மாதிரி தூர தேசத்தில் இருந்து கப்பலில் வருது. இன்னொரு வேடிக்கை: பழைய இரும்பும் கப்பலில் வருது! அதே 2019 கொள்கையில்தான் போட்டிருக்கு, நாட்டுக்குள்ளே கிடைக்கிற பழைய இரும்பு சுமார் 250 லட்சம் டன், பற்றாமல் வெளிநாட்டில் இருந்து வாங்குறது சுமார் 70 லட்சம் டன்னு. அடுத்த தேசத்துக் குப்பையைக் காசு கொடுத்து வாங்குறோம். நம்ம ஊர்க் கம்பியை ஏரியில் கொட்டுறோம்.

ஆமாம், ஏரியில்தான். இடிக்கிற இடத்தில் ஜே.சி.பி. வந்தா ஒரு மணி நேரத்தில் வேலை முடிஞ்சிடும். பீமும் தளமும் கம்பியோட சேர்த்து டிப்பரில் ஏறும். ராத்திரி ஏரிக்கரையிலோ ஓடையிலோ இறங்கும். பெரிய கம்பியைக் காயலாங்கடைக்காரங்க கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எடுத்துடுவாங்க. சின்னச் சின்ன வளையம், லிண்டல் கம்பி, காங்கிரீட் உள்ளே மாட்டினது எல்லாம் அப்படியே புதைஞ்சு போகும். புதைஞ்ச கம்பி என்ன ஆகுது? துருப்பிடிக்குது. துருங்கறது என்ன? இரும்பு திரும்பவும் ஆக்சிஜனோட ஒட்டிக்கறது. அதாவது அவ்வளவு கரியைக் கொட்டிப் பிரிச்ச இரும்பு மறுபடியும் கல்லாகவே ஆயிடுது. மலையில் இருந்த கல்லையாவது ஒரே இடத்தில் வெட்டி எடுக்கலாம். ஏரி மண்ணில் தூளாக் கலந்த துருவை யார் பொறுக்கி எடுக்கறது? கல்லும் போச்சு, கரியும் போச்சு, ஏரியும் தூர்ந்து போச்சு.

ஏரி தூர்ந்தா என்ன ஆகும்னு விழுப்புரத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? புது பஸ் ஸ்டாண்டு ஏரி இருந்த இடத்தில் கட்டினது. மழை பெய்ஞ்சா தண்ணி தன் வீட்டைத் தேடிக்கிட்டு வந்து நிக்குது. 2016-ல வந்த கட்டுமானக் கழிவு விதிகளிலேயே, இடிபாட்டைத் தனித்தனியா பிரிச்சு வைக்கணும், ரோட்டை மறிக்கிற மாதிரியோ வடிகாலை அடைக்கிற மாதிரியோ கொட்டக் கூடாதுன்னு இருந்துச்சு. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் இடிபாட்டை அரைச்சு ஜல்லி, மணல் எடுக்கிற ஆலையே வெச்சிருக்காங்க. நாம அவ்வளவு தூரம் போக வேணாம். கம்பியை எடுத்த பிறகு உடைஞ்ச காங்கிரீட் துண்டைப் புது வீட்டுப் பேஸ்மட்டத்துக்குள்ளே நிரப்பலாம். எங்க அம்மா வீட்டில் அப்படித்தான் செஞ்சோம். அந்த அளவுக்கு கிராவல் லோடு குறைஞ்சுச்சு. திருவக்கரை பக்கம் கல்குவாரி லாரி போற ரோட்டோரத்தில் குடியிருக்கிற அக்காங்க இங்கே இருக்கீங்க. லோடு குறையறதோட அருமை உங்களுக்குத் தெரியும்.

பிரிச்சு எடுத்த கம்பி எப்படிப் போகுதுன்னும் சொல்லிடறேன். ஊருக்கு வர்ற வண்டிக்காரர்கிட்ட இருந்து விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருக்கிற குடோனுக்குப் போகும். அங்கே இருந்து லாரியில் புதுச்சேரி பக்கமோ, சென்னையைத் தாண்டி கும்மிடிப்பூண்டிக்கோ போகும். அங்கே மின்சார உலையில் 1,600 டிகிரி சூட்டில் உருக்கி, நீளக் கட்டையா வார்த்து, உருளையில் விட்டு இழுத்தா மறுபடியும் கம்பி. தண்ணியைப் பீய்ச்சி வெளிப்பக்கத்தைச் சட்டுன்னு ஆற வெச்சா அதுதான் கடையில் நாம கேட்கிற டி.எம்.டி. கம்பி. எத்தனை தடவை உருக்கினாலும் இரும்பு இரும்புதான். பிளாஸ்டிக் மாதிரி ஒவ்வொரு தடவையும் தரம் இறங்காது. அதுக்காக உருக்கு ஆலையில் புகையே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். புகை வடிக்கிற சாதனம் சரியா ஓடலைன்னா பக்கத்து ஊர்க்காரங்கதான் இருமணும். அவங்க ஓடற மின்சாரத்திலும் ஒரு பங்கு நிலக்கரியில் வர்றதுதான். கல்லில் இருந்து எடுக்கிறதை விட எவ்வளவோ மேல்னுதான் சொல்றேன், சுத்தமோ சுத்தம்னு சொல்லலை.

உலைக்குப் போற இரும்பில் செம்பு கலக்கக் கூடாது. உருக்கினாலும் செம்பு இரும்பை விட்டுப் போகாது, அப்புறம் அந்தக் கம்பியை இழுக்கும்போது வெடிப்பு விடும். அதனால வயரைத் தனியா எடுத்து வைங்க. செம்புக்கு விலையும் பல மடங்கு கூட. ஆனா வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்காதீங்க, அந்தக் கறுப்புப் புகை விஷம். பிளேடால் கீறி உரிங்க. மூடின டப்பா, பழைய சிலிண்டர் எதையும் இரும்போட சேர்த்துப் போடவே கூடாது. உலைக்குள்ளே போனா வெடிக்கும், அங்கே நிக்கறதும் யாரோ ஒருத்தியோட புருஷன்தான்.

இப்போ நான் சொல்லப் போறது சில பேருக்குப் பிடிக்காது. பழைய கம்பியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, புது வீட்டுத் தளத்துக்கே போடுற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. கிலோவுக்கு இவ்வளவு மிச்சம்னு மேஸ்திரியே சொல்றாரு. மிச்சம்தான். ஆனா துரு தின்ன கம்பி எங்கே மெலிஞ்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை வளைஞ்சு, தட்டி நிமிர்த்தின இடம் முன்னே மாதிரி தாங்காது. அந்தத் தளத்துக்குக் கீழேதான் நம்ம பிள்ளைங்க படுக்குது. பழைய கம்பி பந்தக்காலுக்கு ஆகும், கோழிக் கூண்டுக்கு ஆகும், அவரைப் பந்தலுக்கு, வேலிக்கு ஆகும். தளத்துக்கும் பில்லருக்கும் வேணாம். அதை உலைக்கு அனுப்பிட்டு, அந்தக் காசோட மேலே போட்டுப் புதுக் கம்பி வாங்குங்க. எங்க மாமியாருக்கும் எனக்கும் இதில்தான் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை, அது வேற கதை.

வேலை செய்யற விதத்தையும் சொல்லணும். சம்மட்டி பிடிச்சு உடைக்கிறது ஆம்பளைங்க வேலைன்னு சொல்வாங்க. உடைச்சதுக்கு அப்புறம் காரையைத் தட்டிக் கம்பியை உருவி எடுத்துக் கட்டுறது முக்கால்வாசி சித்தாளுங்கதான், அதாவது நாமதான். வெறுங்கையில், ரப்பர் செருப்போட. கம்பி முனை கிழிச்சா மஞ்சளை வெச்சுக் கட்டிக்கிட்டு மறுநாளும் போறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி இலவசம், கிழிச்சா அன்னைக்கே போய்ப் போட்டுக்கணும். கையில் தடிமனான கையுறை வேணும். காரை தட்டும் முன்னாடி ஒரு குடம் தண்ணி தெளிச்சா தூசி அடங்கும். பாதி தொங்குற தளத்துக்குக் கீழே கம்பி இழுக்க யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

"காயலாங்கடை வேலையா நம்ம குழுவுக்கு?"ன்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டதில் தப்பில்லை. பழசு பொறுக்குறவங்களை ஊர் எப்படிப் பார்க்குதுன்னு எனக்கும் தெரியும். வீட்டு வாசலில் தண்ணி கேட்டா தனி சொம்பில் கொடுக்கிற ஊர்தான் இது. ஆனா ஒவ்வொரு ஊராட்சியிலும் நம்ம தூய்மைக் காவலர் அக்காங்க தள்ளுவண்டியில் குப்பை பிரிக்கிறாங்களே, அவங்க இல்லைன்னா ஊர் நாறிப்போகும். மலையை வெட்டுறவன் பெரிய ஆளு, வெட்ட வேணாம்னு பழசைச் சேர்த்துக் கொடுக்கிறவள் சின்ன ஆளா? எனக்கு அந்த நியாயம் புரியலை.

கூட்டமைப்புக்கு நான் வெச்சிருக்கிற கோரிக்கையைப் படிக்கிறேன். நூறு கிலோ தாங்குற டிஜிட்டல் தராசு ஒண்ணும், பத்து ஜோடி கையுறையும் கூட்டமைப்புப் பணத்தில் வாங்கி ஆபீஸில் வைக்கணும். எந்த ஊரில் உறுப்பினர் வீடு இடிச்சாலும் அதை எடுத்துட்டுப் போகலாம். நாலு அஞ்சு வீட்டுக் கம்பியைச் சேர்த்து வெச்சு, ரசீது போட்டு வாங்குற குடோனுக்கு ஒரே நடையா ஏத்தினா வண்டி வாடகையும் பகிர்ந்துக்கலாம், விலையும் பேசலாம். வர்ற காசு வீட்டுக்காரங்களுக்குத்தான், கூட்டமைப்புக்கு வண்டி வாடகை மட்டும் போதும். புது வீட்டு ஆணை யார் யாருக்கு வந்திருக்குன்னு ஒவ்வொரு குழு ஊக்குநரும் பெயர் எழுதிக் கொடுத்தா, இடிக்கிற தேதிக்கு முன்னாடியே பேசிக்கலாம். தீர்மானமா போடலாமா வேணாமான்னு மதியத்துக்கு அப்புறம் நடக்கிற கூட்டத்தில் எல்லாரும் சொல்லுங்க.

பின்பக்கம் பதிவேடு வெச்சிருக்கிற மேசையில் 8, 10, 12 எம்.எம்.ல ஒவ்வொரு அடி கம்பித் துண்டு வெச்சிருக்கேன். பக்கத்திலேயே ஏரிக்கரையில் தோண்டி எடுத்த துருக் கம்பி ஒண்ணும் இருக்கு. சாப்பாட்டுக்குப் போகிறதுக்கு முன்னாடி நாலையும் கையில் எடுத்துப் பார்த்துட்டுப் போங்க. துருக் கம்பியை மட்டும் பார்த்து எடுங்க, முனை கூர்மையா இருக்கு.